கைவிடார் என்று எழுதச் சொன்னோம்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் முழங்கால் உட்பட நான் முழு சுகம். நீயும் மருமகளும் அவள் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன், பேரப்பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லாததால் 'அந்தக் குட்டி' என்று சொல்கிறேன், கர்த்தருக்குப் புரியும். இங்கே மழை விட்டுவிட்டது. உன் சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், அதனால் என் வீட்டுச் சுவரில் இருக்கும் அழுக்கெல்லாம் அவள் கண்ணில் படுகிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொன்னேன் அல்லவா, கடைக்குப் போய் வாஷர் வாங்கி நானே மாற்றிவிட்டேன். ஆகையால் அதற்கு ஆள் அனுப்பச் சொல்லி அங்கிருந்து யாருக்கும் போன் செய்ய வேண்டாம்.

நீ போன் செய்வதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாமே, எதற்குக் காகிதமும் தபால்தலையும் என்று கேட்பாய். பேச்சில் நீ குறுக்கே வருவாய். ஒரு நிமிஷம் அம்மா என்பாய், அந்த ஒரு நிமிஷத்தில் நான் சொல்ல வந்தது காணாமல் போய்விடும். கடிதத்தில் உன்னால் வாய் திறக்க முடியாது, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். போன வாரம் நீ நம் சபைச் செயலாளருக்குப் போன் செய்து, அம்மா மாநாட்டு வேலைக்கு வருவாங்க, கொஞ்சம் கவனிச்சுக்குங்க என்று சொன்னாயாம். அவரும் நன்றாகவே கவனித்துவிட்டார். எப்படிக் கவனித்தார் என்பதைத்தான் எழுதப்போகிறேன். அதில் ஆரம்பித்தது எங்கெங்கோ போய், இருபத்தேழு வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்திவிட்டது. உன் அப்பாவைப் பற்றியது. அதை மாநாட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள், யார் வாய் வழியாகவோ உன் காதுக்கு வருவதற்கு முன்னால் என் கையெழுத்தில் வந்து சேர வேண்டும். நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொல்கிறேன், நீ பக்கத்தைப் புரட்டிக் கடைசிக்குத் தாவாதே.

இந்த முழங்காலோடு மாநாட்டு வேலைக்குப் போக வேண்டாம் என்று நீ சொன்னபோது நான் சரி என்றேன். சரி என்றால் நீ சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம், அப்படியே நடப்பேன் என்று அர்த்தமில்லை, இதை நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலை மாநாடு, புதன்கிழமை காலை எட்டு மணிக்கே நான் அங்கே இருந்தேன். சபைக் கட்டடம் போதாது என்று இந்த வருடம் ஒரு விளையாட்டு அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தரை முழுக்க வழவழவென்று பலகை, பந்து விளையாடக் கோடு கோடாகப் போட்டிருக்கிறது, ஒரு கீறல் விழுந்தாலும் விடமாட்டேன் என்று அரங்கத்து மேனேஜர் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார். அதனால் முதலில் கம்பளச் சுருள்களை உருட்டி விரித்து ஓரங்களில் டேப் ஒட்டினோம், பிறகுதான் நாற்காலி. அறுநூற்று இருபது நாற்காலிகள் லாரியிலிருந்து அடுக்கடுக்காக இறங்கின. நாற்காலி வேலைக்குத் தலைவர் நம் போஸ்ட்மேன், ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மேன்தான். நீளமான நூல் ஒன்றில் சம இடைவெளியில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார், முடிச்சுக்கு ஒரு நாற்காலி, ஒரு விரல்கடை தள்ளிப் போட்டாலும் திரும்பி வந்து சரிசெய்கிறார். என்னை நூலின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார், கொஞ்ச நேரம் பிடித்தேன், பிறகு வேறு வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஆயத்த ஆடைக் கம்பெனியில் முப்பது வருடம் செக்கிங் மேசையில் நின்றவளுக்கு எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் தெரியும், சபையிலும் என்னைச் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்து, நான்கு காலையும் கையால் அழுத்தி, முதுகுப் பக்கம் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கெட்டுப்போனதில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். கம்பெனியில் தையல் பிசகிய இடத்தில் ஒட்டுவோமே அதேதான், ஒரு சுருள் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது. மதியத்துக்குள் இருபத்துமூன்று நாற்காலிகள் ஓரங்கட்டப்பட்டன. போஸ்ட்மேனுக்கு முகம் தொங்கிவிட்டது, ஒரு வரிசையே போச்சே என்று அங்கலாய்த்தார். பிரசங்கம் கேட்க வந்தவர் பாதியில் பொத்தென்று தரையில் விழுந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன், அதோடு அடங்கினார். உண்மையைச் சொல்கிறேன், முழங்கால் வலித்தது. வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அது வலிக்கத்தான் செய்கிறது. வேலை செய்யும்போது வலித்தால் அந்த வலிக்கு ஒரு காரணமாவது இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் செயலாளர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன், ஆனால் கையில் காகிதக் கற்றை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை, எதையும் ஒரு பட்டியலில் ஏற்றினால்தான் அவருக்கு மூச்சு வரும். நான் தூக்கிய நாற்காலியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பையன் போன் பண்ணினான் அக்கா, இனிமேல் நீங்கள் எதையும் தூக்கக் கூடாது என்று வரவேற்பு மேசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். காகிதம் மடிக்கிற வேலை. ஐம்பது காகிதம் மடித்த பிறகு பக்கத்தில் இருந்த கோப்பைப் புரட்டினேன், புரட்டக் கூடாதுதான், புரட்டினேன். தொண்டர் பட்டியலில் என் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு. இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு பட்டியல், உதவி பெறுவோர், விதவைகள், கைவிடப்பட்டோர் என்று தலைப்பு, பதினான்கு பெயர், அதில் ஏழாவது நான். பெயருக்கு நேரே 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று அச்சடித்திருந்தது. தொடக்கக் கூட்டத்தில் ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியார் கையால் ஒரு கம்பளிப் போர்வை கொடுத்து போட்டோ எடுப்பார்களாம். நீ கவனித்துக்கொள்ளுங்கள் என்றாய். அம்மாவுக்கு ஏதோ கஷ்டம், பையன் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். சபைப் பதிவேட்டைத் திறந்து, என் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி என்னைத் தூக்கி அந்தப் பக்கத்தில் போட்டுவிட்டார். அவருடையது நல்லெண்ணம், உன்னுடையதும் நல்லெண்ணம், இரண்டு நல்லெண்ணமும் சேர்ந்து வேலை செய்ய வந்தவளைக் கை நீட்டி வாங்குகிறவளாக ஆக்கிவிட்டன.

போர்வை வாங்குவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. மீதிப் பதின்மூன்று பேருக்கும் அது வேண்டும், சந்தோஷமாக வாங்கினார்கள், அவர்களில் இரண்டு பேர் என்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். எனக்குப் போர்வை வேண்டாம், நீ அனுப்பியதே மூன்று பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அந்த வார்த்தைதான் எனக்கு ஆகவில்லை. செயலாளரிடம் போய் என் பெயரை எடுங்கள் என்றேன். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் அக்கா, பட்டியல் அச்சாகிவிட்டது, பதினான்கு போர்வை கட்டியாகிவிட்டது, பிரசங்கியாருக்கும் சொல்லியாகிவிட்டது என்றார். பெரிய மனது பண்ணுங்கள் என்றும் சொன்னார். போர்வை வாங்கிக்கொள்வதற்கு எதற்குப் பெரிய மனது என்று கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே வேறு பட்டியலைப் பார்க்கப் போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. இரண்டு நாளில் அறுநூறு பேருக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து போனால் அதற்கு நானே கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும். இருபத்தேழு வருடம் ஒரு பதிவேட்டுக்குள் மூடிக் கிடந்தது வேறு, மைக்கில் வருவது வேறு.

வியாழக்கிழமை மதியம் பேனர் வந்தது. முப்பதடி நீளம், நீல நிறம், மேடைக்குப் பின்னால் சுவர் முழுவதையும் அடைக்கிறது. இந்த வருடத் தலைப்பு 'கர்த்தர் கைவிடார்', இரண்டே வார்த்தை, நம் போதகர் தேர்ந்தெடுத்தது. நான்கு பேர் கயிறு இழுத்து ஏற்றினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள், செயலாளர் அதைப் போட்டோ எடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டும்விட்டார். நான் மேசையிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். ஆளுயர எழுத்தில் 'கர்த்தர் கைவிட்டார்' என்று தொங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு ட் புகுந்திருக்கிறது, விடவே மாட்டேன் என்றவரை விட்டுவிட்டுப் போனவராக ஆக்க அந்த ஓர் எழுத்து போதும். அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை, இருக்க வேண்டியதைத்தானே எல்லோரும் படிக்கிறார்கள், இருப்பதை யார் படிக்கிறார்கள். இறக்குங்கள் என்றேன். கோணலாக இருக்கிறதா அக்கா என்று செயலாளர் கேட்டார். சத்தமாக வாசியுங்கள், ஒவ்வொரு எழுத்தாக என்றேன். அவர் பிரசங்கம் செய்கிற குரலில் கர்த்தர் என்று ஆரம்பித்து, கைவி என்று வந்து, அப்படியே நின்றுவிட்டார். போஸ்ட்மேன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார், நல்ல வேளை அது நான் பாஸ் செய்த நாற்காலி. அதற்குள் குழுவில் பதினேழு பேர் அந்தப் போட்டோவுக்கு ஆமென் போட்டிருந்தார்கள், ஒருவர் மிகவும் ஆறுதலான வார்த்தை என்று எழுதியிருந்தார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அச்சகத்துக்குப் போன் செய்தால் அங்கே இருந்தவர் பெருமையாகச் சொல்கிறார், கைவிடார்னு ஒரு வார்த்தையே கிடையாதே சார், பிழையா இருந்துச்சு, நாங்கதான் திருத்திக் குடுத்தோம் என்று. மறுபடி அச்சடிக்க வேண்டுமென்றால் சனிக்கிழமைதான் இயந்திரம் காலியாம்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மேலே வெள்ளைத் தாள் ஒட்டலாம் என்றார் ஒருவர், பூச்செடி வைத்து மறைக்கலாம் என்றார் இன்னொருவர், இருபதடி உயரத்துக்குப் பூச்செடியை எங்கே தேடுவது. ட் என்ற எழுத்தை மட்டும் மறைத்தால் வார்த்தை நடுவில் பிளந்து நிற்கும், கைவி ஒரு பக்கம் டார் ஒரு பக்கம். நான் செய்கிறேன், கீழே விரியுங்கள் என்றேன். போஸ்ட்மேன் வீட்டுக்கு ஓடிப்போய், அந்தக் காலத்தில் தபால் பை தைக்க வைத்திருந்த கோணி ஊசியைக் கொண்டுவந்தார், மேடைக்காரர்களிடம் நைலான் நூல் இருந்தது. வலது காலை நீட்டிக்கொண்டு பேனர்மேலேயே உட்கார்ந்தேன். 'ட்டார்' இருந்த துண்டைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதிலிருந்து ட் எழுத்தை மட்டும் நறுக்கிப் போட்டுவிட்டு, மீதியை இடது பக்கம் நகர்த்தி வி எழுத்தோடு சேர்த்தேன். வலது பக்கம் விழுந்த சந்துக்கு, பேனரின் அடியில் மேடை மறைக்கிற இடத்திலிருந்து வெறும் நீலத் துண்டு ஒன்று வெட்டிக்கொண்டேன். பின்பக்கம் அகல டேப், முன்பக்கம் நெருக்கமாகத் தையல். செயலாளர் எதிரே மண்டியிட்டுத் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார், அவரை இவ்வளவு பணிவாக நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. ஊசியைக் கீழே வைத்தேன். பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தால்தான் அடுத்த தையல் போடுவேன் என்றேன். கர்த்தருடைய பேனரைப் பணயம் வைத்தாயா அம்மா என்று கேட்காதே. வைத்தேன். நடுவில் ஜன்னல் போல ஓட்டையோடு பேனர் தரையில் கிடக்கிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

செயலாளருக்கு வியர்த்துவிட்டது. எடுத்துடறேன் அக்கா, எடுத்துடறேன் என்றார். அதோடு விட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு மனது கேட்கவில்லை, எதற்காக அக்கா இவ்வளவு கோபம், இதில் பொய் என்ன இருக்கிறது, அண்ணன் உங்களை விட்டுவிட்டுப் போனவர்தானே என்று கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை, சபையில் எல்லோருக்கும் தெரிந்தது அதுதான், உனக்குத் தெரிந்ததும் அதுதான். நான் யோசிக்கவே இல்லை. "அவர் விட்டுட்டுப் போகல. நான்தான் போகச் சொன்னேன்" என்றேன். சொன்னது நானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. போஸ்ட்மேன் நூலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார், மேடைக்காரர்கள், பெண்கள் பிரிவிலிருந்து வந்த மூன்று பேர், அப்போதுதான் உள்ளே நுழைந்த போதகர், எல்லோரும் கேட்டார்கள். செயலாளர் குரலைத் தாழ்த்தி, இதை அப்படியே விட முடியாது அக்கா, கமிட்டியில் வைக்க வேண்டும், கணவரை வெளியே அனுப்பிய ஒருவரைத் தொண்டராக நிறுத்தினால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள் என்றார். பார்த்தாயா, அவர் விட்டுப் போனார் என்றால் எனக்குப் பரிதாபம், நான் போகச் சொன்னேன் என்றால் எனக்கு விசாரணை. இதனால்தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இருந்த பெரிய போதகர் படிவத்தை நிரப்பும்போது வீட்டுக்காரர் விட்டுப் போய்விட்டாரா என்று அவரே கேட்டார், நான் பேசாமல் நின்றேன், அவர் எழுதிக்கொண்டார். அந்தப் படிவத்தில் திருமணமானவர், விதவை, கைவிடப்பட்டவர் என்று மூன்று கட்டம்தான் இருந்தது. எனக்கென்று ஒரு கட்டம் இல்லை. இப்போதைய போதகருக்கு உன்னைவிடச் சின்ன வயது, அவர் தனியாகப் பேச வேண்டுமா அக்கா என்று கேட்டார். வேண்டாம், வெளிச்சம் இருக்கும்போதே தைத்து முடிக்க வேண்டும் என்றேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேனரின் இன்னொரு முனையைப் பிடித்தார். கமிட்டியில் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தேன். ஆறு மணிக்கு மேலே ஏற்றினோம், தையல் தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிகிறது.

மறுநாள் என் பெயரை அடித்துவிட்டதாகச் செயலாளர் காகிதத்தைக் காட்டினார். அவர் காகிதத்தில் அடித்தார், மேடையில் அறிவிப்புச் செய்தவரிடம் இருந்தது வேறு காகிதம். ஹால் நிறைந்திருந்தது, பாட்டு முடிந்தது, போர்வைகளை மேடையில் அடுக்கினார்கள். ஆறு பேர் போய் வாங்கினார்கள். ஏழாவதாக என் பெயரைச் சொல்லி, கணவரால் கைவிடப்பட்ட சகோதரி என்று மைக்கில் வாசித்தார். நான் பின்கதவுக்குப் பக்கத்தில் தொண்டர்களோடு நின்றிருந்தேன், தோளில் மீதிக் கயிற்றுச் சுருள். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். அறுநூறு முகம். கதவு பக்கத்தில்தான் இருக்கிறது, வெளியே போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பிறகு வாய் தானாகத் திறந்துகொண்டது. செக்கிங் மேசையில் அந்த இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கூப்பிட்டுப் பழகிய குரல், அதற்கு மைக் தேவையில்லை. "தப்பு. அடுத்த பேரை வாசிங்க" என்றேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எட்டாவது பெயரை வாசித்தார். அவ்வளவுதான். கூட்டம் நடந்தது. ஞாயிறு முடிந்து நாற்காலிகளைத் திரும்ப அடுக்கும்வரை நான் இருந்தேன். பெண்கள் பிரிவில் இரண்டு பேர் என்னோடு பேசவில்லை. மூன்றாவது ஒருத்தி, பெயர் வேண்டாம், கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, எப்படிச் சொன்னீங்க என்று மெதுவாகக் கேட்டாள். கை கழுவும்போதும் அவள் முழங்கைக்கு மேல் சேலைத் தலைப்பால் மூடியே வைத்திருந்தாள். அவளை வருகிற செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. உனக்கு எட்டு வயது. உன் அப்பா என்மேல் கை நீட்டுவது எனக்குப் பழகிப்போயிருந்தது, அதைப் பொறுமை என்று நானே பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு காலை நீ சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். அதற்காக உன் கன்னத்தில் அறைந்தார். இரண்டு நாள் இடது காதில் ஙொய் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று நீ அழுதாய், காய்ச்சல் வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். அது காய்ச்சல் இல்லை மகனே. செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு ஒரு பூட்டு வாங்கிவந்து, திருப்புளியால் பழையதைக் கழற்றி நானே மாற்றினேன். நான்கு திருகு, அதில் ஒன்று பிடிக்கவில்லை, ஓட்டையில் தீக்குச்சியை ஒடித்துச் செருகி முறுக்கினேன். அவர் துணிகளையெல்லாம் இஸ்திரி போட்டு, ஒரு பித்தான் குறையாமல் பார்த்து, இரண்டு பையில் வைத்து வாசலுக்கு வெளியே வைத்தேன். வந்தார், தட்டினார், கத்தினார், போகச் சொன்னேன், போனார், அன்று உன்னைச் சித்தி வீட்டில் விட்டிருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்து தட்டினார், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். திறக்கவில்லை. மூன்றாவது முறை வரவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

பூட்டை மாற்றியதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, உன்னிடமும் இல்லை, கமிட்டியிடமும் இல்லை. ஆனால் அந்த வருடம் முழுக்க நீ சாயங்காலமானால் ஜன்னல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாய். அப்பா ஏன் விட்டுட்டுப் போனார், நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். நான் அரிசி களைந்துகொண்டே உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். நீ எதுவும் செய்யவில்லை, அவர் உன்னை வேண்டாமென்று போகவில்லை, நான் அனுப்பினேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பயந்தேன், நீயும் அவரோடு போகிறேன் என்று சொல்லிவிடுவாயோ என்று. அதற்கு மட்டும் என்னை மன்னித்துக்கொள். நீ கோபப்பட வேண்டுமென்றால் என்மேல் படு, உன்மேல் படாதே. போன மாதம் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த அன்று, அப்பா மாதிரி நானும் ஒருநாள் விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது அம்மா என்று சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. விட்டுவிட்டுப் போகிற குணம் உன் பரம்பரையில் யாருக்கும் இல்லை. உன் அப்பாகூடப் போக மாட்டேன் என்றுதான் கதவைத் தட்டினார். நீ பயப்பட வேண்டியது உன் காலுக்கு இல்லை, கைக்கு.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. பதிவேட்டைத் திருத்துவதா, அடுத்த வருடம் எனக்குத் தொண்டர் பேட்ஜ் கொடுப்பதா என்று பேசுவார்களாம். போவேன், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன். பேட்ஜ் கொடுக்காவிட்டாலும் அடுத்த வருடமும் லாரியிலிருந்து நாற்காலி இறங்கத்தான் போகிறது, கால் உடைந்ததைப் பார்க்க ஒருத்தி வேண்டும். நீ இதற்காகச் செயலாளருக்கோ போதகருக்கோ போன் செய்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என்னைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னையே கேள்.

மருமகளைச் சாயங்காலம் சிறிது நேரம் நடக்கச் சொல், நீயும் கூடப் போ, கால் வீங்கினால் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கட்டும். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காத்து, சுகப் பிரசவம் தந்து, உங்கள் வீட்டில் சமாதானத்தை நிறைப்பாராக. கடைசியாக ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். பிள்ளை அழும், கொட்டும், உடைக்கும், பித்தானை மாற்றிப் போடும். கை ஓங்கத் தோன்றினால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டு வா. இதையெல்லாம் உன்னிடம் சொல்லப்போகிறேன் என்று நேற்றே மருமகளிடம் போனில் சொல்லிவிட்டேன், அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். பூட்டு மாற்றுவது எப்படி என்றும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான்கே திருகுதான். அவளுக்கு அது ஒருநாளும் தேவைப்படாது என்று உன்னை வளர்த்த எனக்குத் தெரியும், ஆனாலும் அவளுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும்,
அம்மா